நர்ஸம்மா பதில்கள்: பாசினெட் சின்னதாயிடுச்சு, அடுத்து என்ன?

போன இதழ்ல ஒரு பொண்ணு பாசினெட்டை, அதான் பச்சைக்குழந்தையைப் படுக்க வைக்கற சின்னத் தொட்டிலை, எது வரைக்கும் யூஸ் பண்ணலாம்னு கேட்டதுக்கு "குழந்தை குப்புற விழ ஆரம்பிச்சதும் பாசினெட்டை பரண்ல ஏத்திடுங்க"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டு போயிட்டேன், அதுக்கு வந்த கடுதாசி, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் சேர்த்தா ஒரு சாக்கு வரும் போல. பாதி பேர் ஏன்னு கேக்கறாங்க, மீதி பேர் எங்க வீட்டுல பாசினெட்டே இல்லையே, தூளிதானேங்கறாங்க. ரெண்டும் நியாயமான கேள்விதான், அதனால இந்த தடவை முழுப் பக்கமும் இதுக்கே. நான் டாக்டர் இல்ல, 31 வருஷம் குழந்தைங்க வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிடையர் ஆனவ, அந்த அளவுக்குத்தான் சொல்லுவேன்.

கேள்வி: அம்மா வணக்கம். என் பையனுக்கு நாலரை மாசம், 6 கிலோ 300 கிராம் இருக்கான். நாத்தனார் துபாய்ல இருந்து கொண்டு வந்த பாசினெட்லதான் பொறந்ததுல இருந்து தூங்கறான், அதோட புக்லெட்ல 9 கிலோ வரைக்கும்னு போட்டிருக்கு. போன வாரம் குப்புற விழுந்துட்டான். இன்னும் ரெண்டு மாசம் அதுலயே ஓட்டலாமா? பேபி காட், அதான் சுத்தி கம்பி வச்ச குழந்தைக் கட்டில், வாங்கி வச்சாச்சு, ஆனா ஆடி முடியட்டும், ஆவணியில நல்ல நாள் பார்த்து மாத்திக்கலாம்னு அத்தை சொல்றாங்க.
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: குப்புற விழுந்தானா, முதல்ல சந்தோஷம். எங்க வீட்டுல பிள்ளை குப்புற விழுந்தா கொழுக்கட்டை பண்ணுவாங்க, உங்க வீட்டுல என்ன வழக்கமோ பண்ணுங்க, பண்ணிட்டு அன்னைக்கு ராத்திரியே பாசினெட்டை காலி பண்ணிடுங்க.

புக்லெட்ல 9 கிலோன்னு போட்டதுக்கு கீழயே இன்னொரு வரி இருக்கும் பாருங்க, குழந்தை கையை ஊணி எழும்ப ஆரம்பிச்சா இல்ல உருள ஆரம்பிச்சா யூஸ் பண்ணாதீங்கன்னு. எல்லாரும் கிலோவை மட்டும் படிப்பாங்க, ஏன்னா அது நம்பர், கண்ணுல படும். ஆனா நம்ம ஊர் பிள்ளைங்க பெரும்பாலும் அந்த எடைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உருண்டுடும். எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. பாசினெட்டோட பக்கச்சுவரு ரொம்ப தாழ்வு கண்ணு, மல்லாக்க படுத்தே கிடக்கற குழந்தைக்காக செஞ்சது அது, கையை ஊணி நெஞ்சைத் தூக்கற குழந்தை அதுல இருந்தா மேல்பாரம் அதிகமாகி கவுந்துடும். அகலமும் கம்மி, உருண்டா மூஞ்சி நேரா பக்கத்து துணியில போய்த்தான் முட்டும், திரும்பி வர்றதுக்கு இடம் இருக்காது. முதல்ல குப்புறதான் பழகும், குப்புற கிடந்தவன் மறுபடி மல்லாக்க திரும்பறதுக்கு இன்னும் சில வாரம் ஆகும், அந்த இடைப்பட்ட நாள்தான் பயம்.

அப்படியே கையைக் கட்டி துணி சுத்தற பழக்கம் இருந்தா அதையும் இன்னையோட நிறுத்துங்க. கை கட்டுல இருக்கும்போது குப்புற விழுந்தா எப்படி ஊணி எழும்புவான்?

அத்தைகிட்ட சண்டை போட வேணாம். ஆவணியில நல்ல நாள் பார்த்து சாமி கும்பிட்டு, பாயசம் வச்சு, காட்ல போடற விசேஷத்தை நல்லா பண்ணிக்கலாம், இப்ப சும்மா "ட்ரையல்" பார்க்கறோம்னு சொல்லுங்க. உருள்றது ஆடி பார்த்து நிக்காதுல்ல.

பேபி காட்னு நீங்க சொல்றதை அமெரிக்காவுல இருக்கறவங்க கிரிப்ங்கறாங்க. எங்க மாமியார்கிட்ட முதல் தடவை "காட்ல போடு"ன்னு சொன்னப்ப "எந்த காட்டுல"ன்னு கேட்டாங்க, அன்னையில இருந்து நான் கிராதிக் கட்டில்னுதான் சொல்றது. அதையே இங்கயும் எழுதறேன், பொறுத்துக்குங்க.

மாத்தற விதம் பெரிய வித்தையெல்லாம் இல்ல. பாசினெட் நின்ன அதே இடத்துல கிராதிக் கட்டிலைப் போடுங்க, அப்ப அவன் கண்ணுக்கு மேல அதே ஃபேன், அதே ஜன்னல் வெளிச்சம், பக்கத்துல அதே அம்மா. முதல்ல பகல் தூக்கம் ஒண்ணை அதுல போட்டு பாருங்க, ரெண்டு மூணு நாள்ல ராத்திரியும். புது மெத்தை விரிப்பை முந்தின ராத்திரி உங்க மெத்தையில விரிச்சு அது மேல நீங்க படுங்க, உங்க வாசனை ஏறினதுக்கு அப்புறம் அதை அவன் மெத்தையில இறுக்கமா மாட்டுங்க. விரிப்பா மாட்டறதுதான், உங்க பழைய புடவையை சுருட்டி பக்கத்துல வைக்கறது வேணாம். கீழ விடும்போது முதல்ல கால், அப்புறம் இடுப்பு, கடைசியா தலை. தலையை முதல்ல விட்டீங்கன்னா விழற மாதிரி தோணி ரெண்டு கையையும் தூக்கிப் போட்டு முழிச்சுக்கும், சின்னக் குழந்தைக்கு அது அனிச்சையா வர்றது, அஞ்சாறு மாசத்துக்குள்ள போயிடும். விட்ட உடனே ஓடாதீங்க, நெஞ்சு மேல கையை வச்சு ஒரு நிமிஷம் நில்லுங்க.

கேள்வி: நாங்க நாலு தலைமுறையா தூளியிலதான் பிள்ளை வளர்த்தோம். என் பேத்திக்கு இப்ப அஞ்சு மாசம் முடியப்போகுது, தூளியில போட்டா மூணு மணி நேரம் தூங்கும், கீழ போட்டா அரை மணி நேரத்துல எந்திரிச்சு அழும். மருமக யூடியூப் பார்த்துட்டு தூளியே ஆபத்துன்னு சொல்லுது. அப்ப நாங்க எல்லாம் எப்படி வளர்ந்தோம்?
– ஒரு பாட்டி, ஈரோடு

பதில்: அக்கா, நானும் தூளியில வளர்ந்தவதான், என் ரெண்டு பிள்ளையும் தூளியிலதான். பருத்திப் புடவை, அது நாலஞ்சு வருஷம் துவைச்சு துவைச்சு மெத்துனு ஆனதா இருக்கணும், உத்தரத்துல கொக்கி, குறுக்க ஒரு கம்பு, அதுல பிள்ளையைப் போட்டு ஆராரோ பாடினா நமக்கே தூக்கம் வரும். அதை நான் குறை சொல்ல வரல. ஆனா என் கதையை ஒண்ணு சொல்றேன், இதுவரைக்கும் எழுதினது இல்ல.

ரெண்டாவது பையனுக்கு அஞ்சு மாசம் இருக்கும். நான் நைட் டூட்டி முடிச்சு காலையில ஏழரைக்கு வீட்டுக்கு வர்றேன், மாமியார் அடுப்படியில இருக்காங்க, தூளி லேசா ஆடிட்டு இருக்கு, சரி தூங்கறான்னு நினைச்சு செருப்பைக் கழட்டிட்டு குளிக்கத்தான் போகப் பார்த்தேன், என்னமோ தோணி புடவையை விலக்கிப் பார்த்தா பையன் குப்புற கிடக்கான், மூஞ்சி முழுக்க புடவை மடிப்புல புதைஞ்சிருக்கு, முகமெல்லாம் செவந்து வேர்த்து ஊத்துது. வாரி எடுத்தேன், ரெண்டு செகண்ட் கழிச்சு வீல்னு கத்தினான், அந்த சத்தம் மாதிரி இனிமையா இன்னைக்கு வரைக்கும் எதையும் கேட்டதில்ல. தூளி ஆடினது மாமியார் ஆட்டி இல்ல, அவன் முண்டினதுல. முந்தின வாரமே அவன் உருள்றதை நான் பார்த்தேன், வார்டுல மத்த அம்மாக்களுக்கு எல்லாம் சொல்லுவேன், ஆனா தூளியில போட்டா மூணு மணி நேரம் தூங்கறானே, டூட்டி பார்த்துட்டு வந்து நானும் கண்ணசரலாமேன்னு தள்ளிப் போட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரி பாய் விரிச்சேன், தூளியை அவுத்தேன்.

தூளியோட சிக்கல் என்னன்னா அதுல தரை கிடையாது, துணி குழிஞ்சு உடம்பு வளைஞ்சு தாடை நெஞ்சுல வந்து இடிக்கும். கழுத்து நிக்காத குழந்தைக்கு தாடை நெஞ்சுல முட்டினா மூச்சுக்குழாய் மடங்கும், ஸ்ட்ரா மடங்கற மாதிரி. உருள்ற குழந்தைக்கு, ஊணறதுக்கு கெட்டியா ஒண்ணும் கிடைக்காது, துணிதான் கூடவே வரும். இன்னும் கொஞ்சம் வளர்ந்தா உக்கார்ந்துட்டு விளிம்பைப் பிடிச்சு எட்டிப் பார்க்கும், தலைகுப்புற வரும், வார்டுக்கு அப்படி வந்த பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். நாம எல்லாம் எப்படி வளர்ந்தோம்னா, அக்கா, அப்ப வீட்டுல எட்டு பேர் இருந்தோம், தூளிக்கு அடியிலயே யாராவது ஒருத்தர் அரிசி புடைச்சுட்டோ, பூ கட்டிட்டோ உக்கார்ந்திருப்பாங்க. இன்னைக்கு மருமக ஒத்தையா பெட்ரூம்ல தூளியை ஆட்டி விட்டுட்டு ஹால்ல லேப்டாப்ல உக்காருது.

மூணு மணி நேரக் கணக்குக்கு வர்றேன். சின்னக் குழந்தையோட தூக்கம் ஒரு சுத்து சுமார் 50 நிமிஷம்தான், ஒவ்வொரு சுத்து முடியும்போதும் லேசா முழிக்கும், நாமளும் முழிக்கறோம், புரண்டு படுத்து மறந்துடறோம். ஆட்டி ஆட்டி தூங்கின குழந்தை அப்படி முழிக்கறப்ப ஆட்டம் நின்னிருந்தா, எங்கடா ஆட்டம்னு தேடும். தூளியில அது அசைஞ்சா தூளியும் தானா ஆடும், மறுபடி தூங்கிடும். தரையில அந்த ஆட்டம் இல்ல, அதான் அழுகை. வலியோ பசியோ இல்ல அது, பழக்கம் தேடற அழுகை.

அதனால ஒரே நாள்ல வெட்டி விடாதீங்க. உங்க மடியிலயோ தோள்லயோ போட்டு ஆட்டுங்க, பாடுங்க, கண்ணு சொக்கும்போது, முழுசா தூங்கறதுக்கு முன்னாடி, கீழ விடுங்க, மிச்சத் தூக்கத்தை படுக்கையில அதுவே முடிக்கட்டும். தொடையில ஒரே தாளத்துல தட்டுங்க. மூணு நாள் ரகளையா இருக்கும், ஒரு வாரத்துல, பத்து நாள்ல தணியும். கிராதிக் கட்டில் வாங்கணும்னு கட்டாயம் இல்ல, எட்டாயிரம் பத்தாயிரம் எல்லாராலயும் போட முடியாது. தரையில பாய், அது மேல அமுக்கினா குழியாத கெட்டியான மெல்லிசு மெத்தை போதும், சுவத்தை ஒட்டிப் போட்டா நடுவுல சந்து விழும், அதனால அறை நடுவுல போடுங்க, எறும்பு பாருங்க. குடை மாதிரி விரிக்கற கொசுவலை உருள்ற பிள்ளைக்கு ஆகாது, உருண்டு போய் வலையில மூஞ்சியை வச்சுக்கும், இழுத்துக் கவுத்துக்கும், பெரிய வலையா உத்தரத்துல இருந்து கட்டி மெத்தைக்கு வெளிய சொருகுங்க. கொக்கி சும்மா இருக்கேன்னு கவலைப்படாதீங்க, பேத்தி கொஞ்சம் பெருசானதும் ஊஞ்சல் மாட்டலாம்.

கேள்வி: இங்க எல்லார் வீட்டுலயும் ஸ்பிரிங் தொட்டில், சாரோங் துணி, இப்ப மோட்டார் வச்சது கூட வந்துருச்சு, ஆள் ஆட்டவே வேணாம். அதுவும் தூளி கணக்குதானா?
– ஒரு வாசகர், ஜொகூர் பாரு

பதில்: அதே கணக்குதான் தம்பி, சொல்லப்போனா ஒரு படி மேல. ஆள் ஆட்டினா ஆளாவது பக்கத்துல இருக்கும். மோட்டார் ஆட்டும்போது நீங்க அடுத்த ரூம்ல இருப்பீங்க, மோட்டார் எட்டிப் பார்க்காது.

கேள்வி: ஆன்ட்டி, நாங்க நியூ ஜெர்சியில இருக்கோம். பாப்பாவுக்கு 4 மாசம். தனி நர்சரி ரூம் ரெடி பண்ணி கிரிப் போட்டாச்சு, பேபி மானிட்டரும் இருக்கு. ஊர்ல இருந்து வந்திருக்கற மாமியார், பச்சைக்குழந்தையை தனி ரூம்ல போடறதா, நீ எல்லாம் ஒரு தாயான்னு கேட்டு ரெண்டு நாளா சாப்பிடல. பாப்பாவைத் தன் பெட்லயே போட்டுக்கறேங்கறாங்க. யார் சொல்றது சரி?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: ரெண்டு பேரும் பாதி பாதி. உங்க ஊர் குழந்தை டாக்டர் சங்கமே, அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்தான், 2022ல புதுப்பிச்சு விட்ட வழிகாட்டுதல்ல குழந்தை குறைஞ்சது முதல் ஆறு மாசம் பெத்தவங்க ரூம்லயே தூங்கறது நல்லதுன்னு சொல்லுது, ஆனா பெத்தவங்க மெத்தையில இல்ல, தனிப் படுக்கையில. ஒரே ரூம், வேற வேற படுக்கை. அதனால மாமியார் தனி ரூம் வேணாம்னு சொன்னது சரி, என் பெட்ல போட்டுக்கறேன்னது சரியில்ல. பெரியவங்க மெத்தை மெத்துனு இருக்கும், ரஜாய் இருக்கும், அந்த ஊர் குளிருக்கு ரெண்டு ரஜாயா கூட இருக்கும், தலகாணி நாலு இருக்கும், தூக்கத்துல நாம புரளுவோம். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடறவங்களா இருந்தா, அதுல தூக்கம் வர்ற மாத்திரையும் இருந்தா இன்னும் மோசம். சோஃபாவுல குழந்தையை நெஞ்சு மேல போட்டுட்டு கண்ணசர்றது இருக்கே, அது எல்லாத்தையும் விட ஆபத்து, உங்க வீட்டுக்காரருக்கும் சொல்லி வைங்க.

கிரிப்பை கழட்டி உங்க பெட்ரூமுக்கு கொண்டு வாங்க, கதவுல நுழையலைன்னா மடக்கற ப்ளேயார்ட், அதான் வலைச்சுவர் வச்ச கட்டில், ஒண்ணு வாங்கி அங்க போடுங்க. மாமியாருக்கு விசிட்டர் விசாவுல பெரும்பாலும் ஆறு மாசம்தான் குடுப்பாங்க, அவங்க ஊருக்குக் கிளம்பற நேரத்துக்கு பாப்பாவுக்கும் ஆறு மாசம் தாண்டியிருக்கும், அப்புறம் நர்சரி விஷயத்தை நிதானமா பேசிக்கலாம். அது வரைக்கும் ராத்திரி பாட்டு பாடி தூங்க வைக்கற வேலையை அவங்ககிட்ட குடுங்க, கிரிப் பக்கத்துல ஒரு சேர் போட்டு. சாப்பிட்டுடுவாங்க பாருங்க.

கேள்வி: என் பெரியம்மா பொண்ணு வீட்டுல இருந்து பழைய மர காட் ஒண்ணு வருது, அவங்க பசங்க ரெண்டு பேரும் தூங்கினது, ஒரு பக்கம் கிராதியை மேல கீழ இறக்கலாம். பெயின்ட் உரிஞ்சிருக்கு, வீட்டுக்காரர் மறுபடி அடிச்சிடலாம்ங்கறார். பேபி ஷாப்ல கட்டிலைச் சுத்தி கட்டற மெத்தை, தலகாணி செட், கொசுவலை எல்லாம் காம்போவுல இருக்கு. என்னென்ன வாங்கட்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: காம்போவுல விரிப்பு மட்டும் வாங்குங்க, மீதி கடைக்காரருக்கே.

பழைய கட்டிலை வேணாம்னு சொல்லமாட்டேன், ஆனா ஒரு ஸ்கேலும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துட்டு உக்காருங்க. கிராதிக்கம்பி ரெண்டுக்கு நடுவுல இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, இருந்தா உடம்பு நுழைஞ்சு தலை மாட்டிக்கும். குழந்தைக்கு தலைதானே பெருசு, உடம்பு வழுக்கிட்டு போயிடும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல உங்க ரெண்டு விரல் நுழையற இடம்தான் அதிகபட்சம், மூணு விரல் போச்சுன்னா மெத்தை சின்னது, வேற தைக்கக் குடுங்க. ஒரு ஸ்க்ரூ காணோம்னா கூட அதே அளவு ஸ்க்ரூ வாங்கிப் போடணும், சணல் கயிறு கட்டி சமாளிக்கற வேலை இங்க ஆகாது.

இறக்கற கிராதி பத்தி கேட்டீங்களே, அதுதான் பெரிய சமாச்சாரம். அந்த தாழ்ப்பாள் நாள்பட தேஞ்சு ஒரு மூலை மட்டும் நழுவும், அந்த சந்துல குழந்தை மாட்டிக்கும். அமெரிக்காவுல இதனால குழந்தைங்க இறந்து போய் 2011 ஜூன் மாசத்துல இருந்து அந்த மாதிரி கட்டில் விக்கறதையே தடை பண்ணிட்டாங்க. நம்ம கடைகள்ல இன்னும் பார்க்கறேன். உங்க கட்டில்ல அந்த பக்கத்தை நல்ல ஆசாரி ஒருத்தரை வச்சு நிரந்தரமா நாலு மூலையிலயும் திருகி மூடிடுங்க, ஆட்டிப் பார்த்தா அசையக் கூடாது. அசைஞ்சா அந்த கட்டில் வேணாம்.

பெயின்ட் மேல பெயின்ட் அடிக்காதீங்க. பல்லு முளைக்கறப்ப பிள்ளைங்க அந்த மேல்கம்பியை எலி மாதிரி கொறிக்கும். நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு, மேல கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின பெயின்ட்ல எவ்ளோ இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். வீட்டுல வச்சு உப்புத்தாள் போட்டு தேய்க்கவும் கூடாது, அந்த தூளே விஷம், ஆசாரி பட்டறையில குடுத்து சுத்தமா எடுத்துட்டு ஈயம் இல்லைன்னு டின்ல எழுதின பெயின்ட்டா பார்த்து அடிச்சு, வாசனை போகற வரைக்கும் மொட்டை மாடியில காய விடுங்க.

சுத்தி கட்டற மெத்தை, அதான் பம்ப்பர், பார்க்க அழகா யானை, பூனை எல்லாம் போட்டிருக்கும். தலை இடிச்சுக்காம இருக்கத்தானே அதுன்னு தோணும், ஆனா இடிச்சா வீங்கும், அழும், சரியாயிடும். மூஞ்சி அதுல அமுங்கினா மூச்சு போகாது. 2022ல அமெரிக்காவுல சட்டம் போட்டே அதை நிறுத்தினாங்க, சாய்வா வச்ச குழந்தைப் படுக்கையையும் சேர்த்து, 10 டிகிரிக்கு மேல சாய்வு கூடாதுன்னு. கட்டில்ல கெட்டியான மெத்தை, இறுக்கமான விரிப்பு, பிள்ளை. வேற ஒண்ணும் இருக்கக் கூடாது. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி மொட்டையா இருக்கேன்னு உங்க அம்மா சொல்லுவாங்க, சொல்லட்டும்.

ஒண்ணு மறந்துட்டேன். கழுத்துல கருப்புக் கயிறு, தாயத்து, பாசிமணி போட்டிருந்தா ராத்திரி கழட்டி வைங்க, கிராதியில மாட்டும். இடுப்புல அரைஞாண் இறுக்கமில்லாம உடம்போட ஒட்டி இருந்தா பரவாயில்ல. காத்து கருப்பு அண்டாம இருக்க பாக்குவெட்டி வைப்பாங்களே, அதைக் கட்டிலுக்கு அடியில தரையில வைங்க, மெத்தையில வேணாம், அது தன் வேலையை அங்க இருந்தே பார்க்கும்.

கேள்வி: மல்லாக்க படுக்க வச்சா பால் கக்கி புரையேறிடாதா? தலையும் தட்டையாயிடும். கடுகு தலகாணி வச்சாத்தானே தலை உருண்டையா வரும்? இதெல்லாம் தெரியாமலா பெரியவங்க சொன்னாங்க?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நான் நர்சிங் படிச்ச காலத்துல பால் குடிச்ச குழந்தையை ஒருக்களிச்சு படுக்க வைக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க, அதே புரையேற பயத்துக்காக. அதனால நீங்க கேக்கறதுல தப்பே இல்ல, நாங்களும் மாத்திக்கிட்டவங்கதான்.

கழுத்துல ரெண்டு குழாய் இருக்கு, முன்பக்கம் மூச்சுக்குழாய், அதுக்குப் பின்னாடி உணவுக்குழாய். மல்லாக்க படுத்தா மூச்சுக்குழாய் மேல வந்துடும், உணவுக்குழாய் கீழ போயிடும், கக்கற பால் மூச்சுக்குழாய்க்குள்ள போகணும்னா மேல ஏறணும், ஏறாது, குழந்தை முழுங்கும் இல்ல வாயோரமா வழியும். குப்புற படுத்தா அது தலைகீழ், மேல இருக்கற உணவுக்குழாய்ல இருந்து பால் நேரா மூச்சுக்குழாய் வாசல்ல வந்து நிக்கும். ஒருக்களிச்சு படுத்த பிள்ளை எந்த நேரமும் குப்புற சரியலாம். அமெரிக்காவுல 1994ல "மல்லாக்க தூங்க வைங்க"ன்னு ஒரு பெரிய இயக்கமே நடத்தினாங்க, அதுக்கு அப்புறம் பத்து வருஷத்துக்குள்ள, காரணம் தெரியாம தூக்கத்துலயே குழந்தை போயிடற சாவு அங்க பாதியா குறைஞ்சுது. மருந்து இல்ல, மெஷின் இல்ல, படுக்க வைக்கற பக்கத்தை மாத்தினதுதான் அதுல பெரிய பங்கு. பால் குடுத்ததும் தோள்ல போட்டு ஏப்பம் எடுத்துட்டு மல்லாக்க விடுங்க. அதுவா உருண்டு குப்புற போய், திரும்பி வரவும் தெரிஞ்ச பிள்ளையா இருந்தா ராத்திரி பூரா உக்கார்ந்து திருப்பிப் போட்டுட்டு இருக்க வேணாம்.

தலை தட்டையாகறது நிஜம், ஆனா அதுக்கு மருந்து தலகாணி இல்ல, கடுகோ இலவம்பஞ்சோ எதுவா இருந்தாலும் ஒரு வயசு வரைக்கும் வேணாம். கிராதிக் கட்டில்ல ஒரு நாள் தலையை வடக்க வச்சா... வடக்க தலை வைக்கக் கூடாதுன்னு சண்டைக்கு வருவீங்க, சரி, ஒரு நாள் கிழக்க, மறுநாள் மேற்க. பிள்ளை எப்பவும் நீங்க இருக்கற பக்கம்தான் திரும்பும், தலைமாட்டை மாத்தினா தானா அடுத்த பக்கம் திரும்பும். பகல்ல முழிச்சிருக்கறப்ப, நீங்க பக்கத்துல உக்கார்ந்துட்டு, குப்புற போட்டு விளையாட விடுங்க, கழுத்தும் தோளும் பலப்படும். உக்கார ஆரம்பிச்சதும் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு தலை தானா ரவுண்டு ஆயிடும். ஒரே பக்கம் மட்டும் திரும்புது, கழுத்து இறுக்கமா இருக்குன்னா டாக்டர்கிட்ட காட்டணும்.

கேள்வி: வணக்கம் மேடம், நான் குழந்தையோட அப்பா. பொண்ணுக்கு எட்டரை மாசம், காட்ல நல்லா தூங்கிட்டு இருந்தவ ரெண்டு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கிராதியைப் பிடிச்சு நின்னுட்டு கத்தறா. உக்கார வச்சா மறுபடி நிக்கறா. பாசினெட்டே பரவாயில்லயோன்னு இருக்கு.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அப்பா ஒருத்தர் எழுதினது இந்த சாக்குல இது ஒண்ணுதான் தம்பி, அதுக்கே உங்களுக்கு முதல்ல பதில் போட்டிருக்கணும்.

கத்தறது எதுக்குன்னா நிக்கத் தெரிஞ்சுது, உக்காரத் தெரியல. நின்னுட்டு இறங்க வழி தெரியாம கத்துது, மாமரத்துல ஏறிட்டு இறங்கத் தெரியாத பசங்க மாதிரி. பகல்ல சோஃபாவைப் பிடிச்சு நிக்கும்போது கீழ ஒரு பொம்மையைப் போட்டு குனிஞ்சு எடுக்க வைங்க, முட்டியை மடக்கப் பழகும், ஒரு வாரம் போதும். ராத்திரி விளக்கைப் போட்டு கொஞ்சாதீங்க, இருட்டுலயே ரெண்டு தடவை மெதுவா படுக்க வைங்க, அப்புறம் கிராதி வழியா கையை விட்டு மெத்தையைத் தட்டுங்க, கை இருக்கற இடத்துக்கு அதுவே வரும்.

ஆனா இன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்ததும் முதல் வேலை, மெத்தைப் பலகையை கடைசி துவாரத்துக்கு இறக்குங்க. உக்கார ஆரம்பிச்சப்பவே ஒரு படி இறக்கியிருக்கணும், நிக்க ஆரம்பிச்சா கடைசிப் படி. மேல ஆடற கிலுகிலுப்பை, தொங்கற பொம்மை இருந்தா அதையும் எடுத்துடுங்க, கையை ஊணி எழும்பற வயசுலயே அது போயிருக்கணும். கட்டில்ல நின்னா கை எட்டற தூரத்துல கர்ட்டன் கயிறு, கொசு லிக்விட் மெஷின், சார்ஜர் வயர், சாமி படம் மாட்டின ஆணி எதுவும் இருக்கக் கூடாது, நீங்களே மண்டி போட்டு அவ உயரத்துல இருந்து பாருங்க. பின்னாடி ஒரு நாள் 89 சென்டிமீட்டர் உயரம் வந்துட்டாலோ, இல்ல அதுக்கு முன்னாடியே கால் தூக்கிப் போட்டு ஏறப் பார்த்தாலோ கிராதிக் கட்டில் முடிஞ்சுது, தரைமெத்தைதான்.

கேள்வி: 34 வாரத்துல பொறந்த ரெட்டைப் பிள்ளைங்க. ஒரே காட்ல ரெண்டு பேரையும் போடலாமா? அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் உருளல.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆளுக்கு ஒரு படுக்கை. வயித்துக்குள்ள ஒண்ணா இருந்தாங்கங்கறது உண்மைதான், ஆனா அப்ப மூச்சு விடற வேலை அவங்களுக்கு இல்ல. உருளலைன்னு பயப்படாதீங்க, ஆறு வாரம் முன்கூட்டி வந்தவங்க, அஞ்சு மாசத்துல ஒன்றரை மாசம் கழிச்சு மூணரை மாசக் குழந்தைங்கன்னு நினைச்சுக்குங்க. ஒருத்தன் முதல்ல உருள்வான், இன்னொருத்தனை அவனோட ஒப்பிட்டு ஏசாதீங்க.

கேள்வி: இங்க குளிருக்கு போர்வை இல்லாம எப்படி?
– ஒரு வாசகி, ஊட்டி

பதில்: போர்வையை உடம்புல உடுத்தி விடுங்க, அவ்ளோதான். உள்ள பருத்தி, மேல முழுக்கை முழுக்கால் உடுப்பு ஒண்ணு, அதுக்கு மேல கை விட்டு ஜிப் போடற தூக்கப்பை கிடைக்குது. நீங்க போட்டிருக்கறதை விட ஒரே ஒரு அடுக்கு கூட, அதுக்கு மேல வேணாம், பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்க, வேர்த்திருந்தா ஒண்ணைக் கழட்டுங்க. கை கால் சில்லுனு இருக்கறதை வச்சு கணக்குப் போடாதீங்க. வீட்டுக்குள்ள தூங்கறப்ப தலையில குல்லா வேணாம், பிள்ளைங்க சூட்டை தலை வழியாத்தான் நிறைய வெளிய விடும். வெந்நீர் பை வச்சு விரிப்பை சூடு பண்ணலாம், ஆனா பிள்ளையை விடறதுக்கு முன்னாடி பையை எடுத்து, கையை வச்சுப் பார்த்துட்டு.

கேள்வி: ஆறு மாசப் பொண்ணை நாலு நாள் முன்னாடி பாசினெட்ல இருந்து காட்டுக்கு மாத்தினேன், நல்லா தூங்கறா. எனக்குத்தான் தூக்கம் வரல. பாசினெட்ல இருந்தப்ப கையை நீட்டினா தொட்டுக்கலாம், இப்ப மூணடி தள்ளிப் போயிடுச்சு. மணிக்கொரு தரம் எழுந்து மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பார்க்கறேன். நான் லூசா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நீங்க லூசுன்னா நான் அதை விடப் பெரிய லூசு. அந்த தூளி சம்பவத்துக்கு அப்புறம் பாய்ல போட்ட பையனை நான் ஒரு மாசம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஒரு நாள் வெளிச்சம் கண்ணுல பட்டு எழுந்தவன் விடியற வரைக்கும் தூங்கல, மறுநாள் டூட்டியில ஊசி மருந்து பேரை மூணு தடவை படிச்சுதான் எடுத்தேன்.

மூணடி தள்ளி இருக்கணும்னு யாரும் சொல்லலையே கண்ணு, கட்டிலை உங்க பக்கம் இழுத்துப் போட்டுக்குங்க, சந்துல துணி எதுவும் தொங்காம பார்த்துக்குங்க, அவ்ளோதான். மூக்குல விரல் வைக்காதீங்க, முழிச்சுக்குவா. சின்ன மஞ்சள் லைட் ஒண்ணு தரை ஓரமா போட்டு வச்சா படுத்த இடத்துல இருந்தே வயிறு ஏறி இறங்கறது தெரியும். ராத்திரி நீங்க ஒரு தடவை, உங்க வீட்டுக்காரர் ஒரு தடவைன்னு முறை வச்சுக்குங்க, அவர் முறை வர்றப்ப நீங்க எழுந்து அவர் சரியா பார்த்தாரான்னு பார்க்கக் கூடாது.

ஆனா ரெண்டு வாரம் தாண்டியும், பிள்ளை தூங்கறப்ப கூட கண்ணு மூட முடியல, நெஞ்சு படபடக்குது, காரணமே இல்லாம அழுகை வருதுன்னா அதை "புது அம்மான்னா அப்படித்தான்"னு விடாதீங்க, பிரசவம் பார்த்த டாக்டர்கிட்ட போய் சொல்லுங்க, அதுக்கு வைத்தியம் இருக்கு. பிள்ளைக்கு தடுப்பூசி போட போறப்பவே கூட கேக்கலாம், வெக்கப்பட ஒண்ணுமில்ல.